வெடியக்காவின் ஜிகினா

டப்பா மூடி செய்யும் அந்தத் தொழிற்சாலையில் எல்லாரும் அவளை வெடியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு சரி. வரிசையாக நிற்கும் பிரஸ் மெஷின்கள் ஒரே நேரத்தில் தகரத்தை அடித்து நொறுக்கும் அந்தக் கொட்டகையில், கடைசி மூலையில் இருப்பவளையும் திரும்பிப் பார்க்க வைக்கிற குரல் அவளுடையது. சிரித்தாலும் அப்படித்தான், படபடவென்று வெடித்துத்தான் ஓயும். "உள்ளே வெடிச்சாச்சா? அப்ப ஷிஃப்ட் ஆரம்பிச்சாச்சு" என்பார் வாசல் காவல்காரர்.

அவளுடைய பெண் நடக்கப் பழகிக்கொண்டிருந்த சமயத்தில் அந்த விபத்து நடந்தது. காலால் பெடலை மிதித்தால் மேலேயிருந்து அச்சு இறங்கித் தகரத்தில் மூடியை வெட்டும். ஒரு மிதிக்கு ஒரு அடி, அதுதான் கணக்கு. அன்றைக்கு அந்த மெஷின் மிதிக்காமலே இரண்டாவது முறை இறங்கியது. வெட்டிய மூடியை எடுக்கப் போன இடது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மேல்கணுவோடு போய்விட்டன.

மேற்பார்வையாளர் பழப்பையோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, குரலைத் தேனில் தோய்த்துப் பேசினார்.

"பேச்சு மும்முரத்துல நீதான் கவனிக்காம கையை விட்டுட்டேன்னு சொல்லிடும்மா. முதலாளி உன்னைக் கைவிடவே மாட்டார்."

"கையையே அங்க விட்டுட்டு வந்திருக்கேன். இதுக்கு மேல கைவிடறதுக்கு என்ன சார் இருக்கு?" என்றாள் அவள். "மெஷின் ரெண்டாவது அடி அடிக்குதுன்னு முன்னாடியே உங்ககிட்ட சொன்னேன். அதைத்தான் யார் கேட்டாலும் சொல்வேன். பழத்தை எடுத்துக்கிட்டுப் போங்க."

கட்டுப்போட்ட கையோடு தொழிற்சாலை வாசலில் போய் உட்கார்ந்தாள். மற்றப் பெண்களும் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். எல்லா மெஷின்களுக்கும் கம்பித் தடுப்பு போட்ட பிறகுதான் ஒருத்தியாவது உள்ளே கால் வைத்தாள். அந்தத் தடுப்புக்கு இன்றைக்கும் அங்கே வெடிக்கூண்டு என்றுதான் பெயர். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் அது ஏதோ இயந்திரச் சொல் என்றே நினைத்துக்கொள்வார்கள். கை ஆறித் திரும்பியதும் எளிதான வேலை தருகிறோம், பொட்டலம் கட்டுகிற பக்கம் போ என்றார்கள். அவள் அதே மெஷினைக் கேட்டாள். "என் விரலை முழுங்கினது. அதை வேற எவகிட்ட ஒப்படைக்கறது?"

இப்படிப்பட்டவள் வீட்டுக்குள் காலை வைத்தால் வேறு ஆள். ஊருக்கெல்லாம் சரவெடி, வீட்டுக்கு நமுத்துப்போன வெடி.

அதற்குக் காரணம் இருந்தது. விபத்து நடந்த சில மாதங்களில் கணவர் வழியில் யாரோ விருந்தாளிகள் வந்தார்கள். அவள்தான் பரிமாறினாள். வந்தவர்களில் ஒரு அம்மாள் அந்தக் கையைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், "பசியே இல்லை" என்று எழுந்துவிட்டார். அடுத்த தெருவில் இருந்த நாத்தனார், கணவருடைய அக்காள், அன்று சமையலறைக்கு வந்து, "இனிமே வேத்து மனுஷங்க வந்தா நீ பரிமாற வேணாம்மா. நான் வந்து பார்த்துக்கறேன். பார்க்கிறவங்களுக்கு ஒரு மாதிரி இருக்கும்ல" என்றாள். விளக்கைக் கொஞ்சம் குறைத்து வை என்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். திட்டியிருந்தால் வெடியக்கா பத்து மடங்காகத் திருப்பித் தந்திருப்பாள். இந்தக் கனிவுக்கு என்ன பதில் சொல்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. அன்றைக்குச் சேலைத் தலைப்புக்குள் போன இடது கை, விருந்தாளி என்றால், கடைத்தெரு என்றால், போட்டோ என்றால் தானாகவே உள்ளே போய்விடும். வீட்டு ஆல்பத்தைப் புரட்டுகிறவர்களுக்கு அவளுக்கு ஒரு கைதானோ என்று தோன்றும்.

வெடியக்காவின் பெண் வளர்ந்து, காப்பீட்டு அலுவலகம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கேயே ஒரு பையனைப் பிடித்துப்போனது. பையனுக்கும் பிடித்திருந்தது. அவனுடைய அப்பாவும் அம்மாவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து பார்ப்பதென்று முடிவாயிற்று. செய்தி தெரிந்ததும் நாத்தனார் வந்துவிட்டாள். திரைச்சீலை எதை மாற்றுவது, நாற்காலி எதை உள்ளே தள்ளுவது என்று வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கடைசியில் வெடியக்காவிடம் வந்து நின்றாள்.

"டீ நான் கொடுத்துக்கறேன். நீ சோபாவோட அந்த ஓரத்துல உக்காந்துக்கோ. கையை மட்டும் தலைப்புக்குள்ள வெச்சுக்கோ. பேசி முடியற வரைக்கும்தான்."

வெடியக்கா மகளைப் பார்த்தாள். மகள் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி, அத்தை சொல்றது கேக்குதா?"

"கேக்குதும்மா." கொஞ்சம் இழுத்தாள். "அத்தை சொல்றதும் சரிதானே? முதல் தடவையா வராங்க. அப்புறம் பழகினா தானா தெரிஞ்சுக்கப் போறாங்க."

அந்தக் கை பின்னிய சடையோடுதான் அவள் பள்ளிக்கூடம் போனாள். தூக்கம் வரும்போது அந்த இரண்டு குட்டை விரல்களைப் பிடித்துக்கொண்டால்தான் கண்ணை மூடுவாள். அதையெல்லாம் வெடியக்கா சொல்லிக்காட்டவில்லை. "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பாத்திரம் துலக்கப் போனாள். அந்தச் சரியைக் கேட்டு நாத்தனார் திருப்தியாகத் தலையாட்டினாள். அது எந்தச் சரி என்று அவளுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. தொழிற்சாலைக்காரர்களாக இருந்தால் அந்த இடத்திலேயே நாலு அடி தள்ளி நின்றிருப்பார்கள்.

சனிக்கிழமை அரை நாள் வேலை. திரும்பும் வழியில், பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே இருக்கிற வளையல் கடை வாசலில் நின்றாள். எத்தனையோ வருஷமாகத் தாண்டிப் போகிற கடை. கண்ணாடிப் பெட்டிக்குள் நகப்பூச்சுச் சீசாக்கள் வரிசையாக இருந்தன. கல்யாணத்துக்கு முன்னால் பத்து விரலுக்கும் ரத்தச் சிவப்பு பூசிக்கொண்டு திரிந்தவள்தான் அவள். விபத்துக்குப் பிறகு எந்த நிறத்தையும் வாங்கியதில்லை.

"அது என்னம்மா, மின்னுதே?"

கடைப்பெண் எடுத்துக் காட்டினாள். கண்ணாடி போன்ற திரவத்துக்குள் பொன்னும் ஊதாவுமாக ஜிகினாத் துணுக்குகள் மிதந்தன. "புதுசா வந்திருக்கு அக்கா. உங்க பொண்ணுக்கா?"

"எனக்கு."

கடைப்பெண் முகத்தில் ஒரு தயக்கம் ஓடியது. "உங்களுக்குன்னா இந்த வெளிர் ரோஸ் நல்லா இருக்கும். பூசினதே தெரியாது."

"பூசினதே தெரியாம இருக்கிறதுக்கு எதுக்கும்மா பூசணும்? அதையே கட்டு. அழிக்கிற தண்ணியும் ஒரு பாட்டில் கொடு."

வீட்டில் கணவர் கூடத்தில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். வாரம் முழுக்கப் பிள்ளைகளின் கூச்சலைக் கேட்டுவிட்டுச் சனிக்கிழமை மத்தியானம் பிணம் மாதிரி தூங்குவார். மகள் தோழிகளோடு வெளியே போயிருந்தாள். வெடியக்கா பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் நகக்கண்ணில் ஏறியிருந்த மெஷின் எண்ணெய்க் கறையைத் தேய்த்துக் கழுவினாள். ஜன்னலோரம் செய்தித்தாளை விரித்து, காலை நீட்டி உட்கார்ந்து சீசாவைத் திறந்தாள்.

பெயிண்ட் கடைக்குள் நுழைந்த மாதிரி ஒரு நெடி.

இடது கையில் மூன்று நகங்கள்தான், கட்டை விரல், மோதிர விரல், சுண்டு விரல். வலது கையால் அவற்றில் பூசுவது கஷ்டமில்லை. ஆனால் ஜிகினா அவள் நினைத்தபடி வரவில்லை. கடையில் சீசாவுக்குள் அப்படி ஜொலித்தது, நகத்தில் இழுத்ததும் அங்கொன்றும் இங்கொன்றுமாக, மீன் கழுவியவள் கையில் ஒட்டிய செதில் மாதிரி நின்றது. இரண்டாவது முறை பூசினாள். அது காய்வதற்குள் மூன்றாவதையும் பூசினாள். எல்லாம் சேர்ந்து கூழாகித் திரண்டது. அழிக்கலாம் என்று பஞ்சை நனைத்துத் தேய்த்தாள். பூச்சு போனது, ஜிகினா போகவில்லை. நகத்தை விட்டு உள்ளங்கைக்குப் போனது, உள்ளங்கையிலிருந்து கன்னத்துக்கு, செய்தித்தாளுக்கு, தண்ணீர்க் குவளைக்கு.

"அடி இவளே! வந்த இடத்துல இவ்வளவு பிடிவாதமா?" என்றாள் ஜிகினாவைப் பார்த்து. தன் சொந்தக்காரியைக் கண்டுபிடித்துவிட்ட மாதிரி இருந்தது அவளுக்கு.

பிறகு தொழிற்சாலை நினைவு வந்தது. மூடியில் நிறம் ஏற்றுகிறவர்கள் தேய்க்க மாட்டார்கள், ஒற்றி ஒற்றித்தான் எடுப்பார்கள். எழுந்து போய்ப் பாத்திரம் தேய்க்கிற புது ஸ்பாஞ்சில் நுனியைக் கத்தரித்துக்கொண்டு வந்தாள். அதில் பூச்சை எடுத்து நகத்தில் ஒற்றினாள். திரவத்தை ஸ்பாஞ்ச் குடித்துவிட்டது, துணுக்குகள் மட்டும் நகத்தில் நெருக்கமாக உட்கார்ந்தன. வெயில் பட்டதும் கட்டை விரல் பொன்னும் ஊதாவுமாகப் பற்றிக்கொண்டது. "ஆ!" என்றாள் தன்னை மறந்து. அவளுடைய "ஆ" என்பது மற்றவர்களின் கூச்சல் அல்லவா, கணவர் பதறி எழுந்து உட்கார்ந்தார்.

"என்ன ஆச்சு? யாரு பெயிண்ட் அடிக்கறது?"

"நான்தான். பயப்படாதீங்க, சுவருக்கு இல்ல."

அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவள் வலது கைக்குப் பூச ஆரம்பித்திருந்தாள். இடது கையின் கட்டை விரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவில் ஸ்பாஞ்சைக் கவ்விப் பிடிக்க வேண்டியிருந்தது. அது வழுக்கி வழுக்கி விழுந்தது. அவர் சீசாவை எடுத்துச் சாய்த்துப் பிடித்துக்கொண்டார். ஒற்றுவதும் சரிவதுமாக வலது கையின் நகங்கள் முடிந்தன. நாலாபக்கமும் கொஞ்சம் வழிந்திருந்தது. அதனால் என்ன?

"எட்டும் முடிஞ்சது" என்று சீசாவை மூடப் போனார்.

"இருங்க." இடது கையை விரித்துப் பார்த்தாள். நடுவில் இரண்டு விரல்கள் மொட்டையாக நின்றன. நுனியில் தோல் மழமழவென்று இழுத்துக் கட்டியதுபோல் இருந்தது. அந்த நுனிகளில், நகம் இருந்திருக்க வேண்டிய பக்கத்தில், ஸ்பாஞ்சை வைத்து அழுத்தி ஒற்றினாள்.

"அதுக்குமா?" என்றார் அவர்.

"நகம் இல்லேன்னா என்ன? இடம் இருக்குல்ல."

அவர் சீசாவை மூடித் தரையில் வைத்தார். பிறகு தன் கவலைக்கு வந்தார். "நாளைக்கு அக்கா என்ன சொல்லுவாளோ?"

"உங்க அக்கா கண்ணை மூடிக்கட்டும். அவங்க கண்ணுக்கும் ஒரு தலைப்பு இருக்கட்டும்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பயமும் கூடவே வந்தது. அவர் மீசையில் ஒரு ஜிகினாத் துணுக்கு ஒட்டியிருந்தது, அதை அவள் சொல்லவில்லை.

மகள் விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே கண்ணில் பட்டுவிட்டது.

"அம்மா! என்னம்மா இது? நாளைக்கு அவங்க வராங்க!"

"தெரியும். அதுக்குத்தான் இன்னிக்கே பூசினேன். நல்லா காயணுமாம்ல."

"விளையாடாதே. கையை மறைச்சுக்கோன்னு சொன்னா, தூரத்துலேருந்து தெரியற மாதிரி பண்ணி வெச்சிருக்கே. வேணும்னேதானே பண்றே?"

"ஆமா. வேணும்னேதான்."

மகள் உள்ளே போய் அழிக்கிற தண்ணீர் பாட்டிலையும் பஞ்சையும் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது. "எனக்காக, அம்மா."

வெடியக்காவுக்கு அந்தக் கண்ணீர் சுருக்கென்று தைத்தது. ஆனாலும் பாட்டிலைத் தொடவில்லை. "உனக்காகத்தான் இத்தனை வருஷம் அந்த மெஷின்ல இந்தக் கையால மூடி எடுத்தேன். உனக்காக இந்தக் கையையே இல்லேன்னு சொல்ல முடியாதுடி. கேக்காதே."

மகள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். சாப்பிடவும் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார்கள். பையனின் அப்பா தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர், முத்திரை குத்தியது போன்ற முகம். அம்மா சொந்தமாகத் தையல் கடை வைத்திருந்தார், அதிகம் பேசாதவர். பையன் சட்டைக் காலரைத் தொட்டுத் தொட்டுச் சரிசெய்துகொண்டிருந்தான். நாத்தனார் வாசலிலேயே நின்று வரவேற்றாள். வெடியக்கா டீயைத் தட்டில் அடுக்கித் தூக்கியபோது சமையலறைக்குள் ஓடிவந்தாள்.

"கொடு, கொடு. நான் கொண்டு போறேன். ஐயோ, இதென்ன கோலம்! கையில என்னத்த அப்பி வெச்சிருக்கே?"

"தள்ளுங்க அண்ணி. சூடா இருக்கு."

அந்த வீட்டில் நாத்தனாரை அவள் தள்ளிப் போகச் சொன்னது அதுதான் முதல் தடவை. நாத்தனார் தள்ளித்தான் நின்றாள்.

வெடியக்கா கூடத்துக்கு வந்து, வலது கையில் தட்டைத் தாங்கி, இடது கையால் ஒவ்வொரு கோப்பையாக எடுத்து நீட்டினாள். முதல் கோப்பை பையனின் அப்பாவுக்கு. அவர் பார்வை கோப்பைக்கு வரவில்லை. வாங்கிக்கொண்டவர் அதை அப்படியே பக்கத்து மேசையில் வைத்தார். அடுத்தது அம்மாவுக்கு. அவர் வாங்கிக்கொண்டு நேராகக் கேட்டார்.

"கையில என்ன ஆச்சு?"

"அது ஒண்ணுமில்ல" என்று நாத்தனார் பின்னாலிருந்து பாய்ந்தாள். "சின்ன வயசுல விளையாட்டுல கதவு நசுக்கி—"

"கதவு இல்ல அண்ணி" என்றாள் வெடியக்கா. தொழிற்சாலைக் குரல் அந்த வீட்டுக் கூடத்தில் முதல் முறையாகக் கேட்டது. "பிரஸ் மெஷின். டப்பா மூடி வெட்டற மெஷின் ரெண்டு விரலை வெட்டிடுச்சு. இன்னும் அதே மெஷின்லதான் வேலை பார்க்கறேன்."

பையனின் அப்பா தொண்டையைக் கனைத்தார். "இதெல்லாம் முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"என்னன்னு சொல்றதுங்க? கல்யாணம் உங்க பையனுக்கும் என் பொண்ணுக்கும்தானே? என் விரலுக்கு வரன் பார்க்கலையே?"

பையன் சிரித்துவிட்டான். அவனுடைய அப்பா திரும்பிப் பார்த்ததும் அந்தச் சிரிப்பை டீயோடு சேர்த்து விழுங்கி, புரையேறி இருமினான். அதற்குப் பிறகு பேச்சு எழும்பவில்லை. வீட்டில் தண்ணீர் ஒழுங்காக வருகிறதா, பஸ் வேலை எப்படி என்று கேட்டார்கள். கணவர் எல்லாவற்றுக்கும் "ஆமாங்க" என்றார், கேள்வி முடிவதற்கு முன்னாலேயே சில தடவை. "போய்ச் சொல்லி அனுப்பறோம்" என்று பையனின் அப்பா எழுந்தார். அவர் கோப்பையில் டீ ஆடை கட்டியிருந்தது.

கதவு சாத்தியதும் நாத்தனார் ஆரம்பித்தாள். "நல்லா பொங்கி வந்த பாலை இறக்கறதுக்குள்ள கவுத்துட்டே. பெத்த பொண்ணு வாழ்க்கையைவிட உனக்கு இந்த மினுக்கு பெரிசாப் போச்சா?"

"மினுக்கு இல்ல அண்ணி, கை. இத்தனை வருஷம் மறைச்சதுக்கு உங்களை மட்டும் குத்தம் சொல்ல மாட்டேன். நீங்க சொன்னீங்க, நான் கேட்டேன். இனிமே கேக்க மாட்டேன்."

"அப்ப நானும் இந்த வீட்டுக்கு வரமாட்டேன்" என்று நாத்தனார் கைப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கணவர் வாசல் வரை பின்னால் போய்விட்டுத் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். எந்தப் பக்கம் சாய்வதென்று தெரியாமல் நடுவில் உட்கார்ந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். மகள் மறுபடியும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அந்த வாரம் முழுக்கப் பதில் வரவில்லை. மகள் சாப்பிட்டாள், வேலைக்குப் போனாள், அம்மாவைக் கண்ட இடத்தில் கண்ணைத் திருப்பிக்கொண்டாள். வெடியக்காவுக்கு மெஷினில் நிற்கும்போது தப்புப் பண்ணிவிட்டோமோ என்று தோன்றாமல் இல்லை. அவள் ஒன்றும் கல் அல்லவே. எண்ணெயும் தகரமும் பட்டு ஜிகினா அங்கங்கே உதிர்ந்தது. உதிர்ந்த இடத்தில் மறுபடியும் ஒற்றிக்கொண்டாள். "என்ன வெடியக்கா, சினிமாவுக்குப் போறியா?" என்று கேட்ட பக்கத்து மெஷின்காரிக்கும் மதிய இடைவேளையில் பூசிவிட்டாள்.

ஒரு சாயங்காலம் ஷிஃப்ட் முடிந்து வெளியே வந்தபோது வாசலில் காவல்காரரோடு அந்தப் பையன் நின்றுகொண்டிருந்தான்.

"அத்தை, உங்ககிட்ட நேர்ல சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன். வீட்டுல சரின்னுட்டாங்க."

"உங்கப்பாவுமா?"

"அம்மா சரின்னுட்டாங்க." அவன் தலையைச் சொறிந்தான். "அப்பா நாலு நாளா 'பார்க்க ஒரு மாதிரி இருக்கு, ஒரு மாதிரி இருக்கு'ன்னே சொல்லிட்டிருந்தார். அம்மாவுக்குக் கட்டை விரல்ல தையல் மெஷின் ஊசி ஏறி நகம் ரெண்டாப் பிளந்து கிடக்கு. அதை அவர் முன்னாடி நீட்டி, 'இது உங்களுக்கு ஒரு மாதிரி இல்லையா? இதுல தெச்சுத்தானே இவனைப் படிக்க வெச்சோம்'னாங்க. அப்புறம் அவர் பேசலை. கொஞ்ச நாளைக்கு மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்குவார். நீங்க கண்டுக்காதீங்க."

"நான் ஏன் கண்டுக்கறேன்? அவர் மூஞ்சி, அவர் தூக்கிக்கட்டும். உனக்கு என்ன தோணுது, அதைச் சொல்லு."

"எனக்கு உங்களைப் பார்த்தா கொஞ்சம் பயமா இருக்கு அத்தை."

வெடியக்கா சிரித்த சிரிப்பில் வாசலில் நின்ற பெண்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். "நல்லது. அப்படியே இரு."

கல்யாணம் பதிவு அலுவலகத்தில் எளிமையாக நடந்தது. சாப்பாட்டுக்கு மட்டும் பக்கத்தில் ஒரு சின்ன மண்டபம் பிடித்திருந்தார்கள். பையனின் அப்பா வந்தார், கடமைக்குச் சிரித்தார். இன்றைக்கும் வெடியக்காவிடம் வானிலை தவிர வேறு எதுவும் பேசுவதில்லை. நாத்தனார் மண்டபத்துக்கு வராமல் இருக்க மனமில்லாமல் கடைசி நிமிஷத்தில் வந்து, தம்பி பக்கத்தில் மட்டும் நின்றாள். வெடியக்காவே போய், "வாங்க அண்ணி, சாப்பிடுங்க" என்று தட்டை நீட்டினாள். நாத்தனார் அந்தக் கையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், வாங்கிக்கொண்டாள். பேச்சு மட்டும் இன்னும் சரியாகவில்லை. அதுவும் ஒரு விதத்தில் வீட்டுக்கு நல்ல ஓய்வு என்று கணவர் யாரும் இல்லாத சமயத்தில் சொல்வார்.

மகள் புது வீட்டுக்குக் கிளம்பும் அன்று, பெட்டி அடுக்கும்போதுதான் அதைப் பற்றி வாயைத் திறந்தாள்.

"அன்னிக்கு நீ வேணும்னே பண்ணினேல்ல, அந்தக் கோவம் எனக்கு இன்னும் போகலைம்மா."

"எனக்கும் நீ அன்னிக்கு அத்தைக்குத் தலையாட்டினது இன்னும் வலிக்குது."

இரண்டு பேரும் ஒரு சேலையின் இரண்டு முனைகளைப் பிடித்து மடித்துக்கொண்டிருந்தார்கள். மகள் மடிப்பைக் கொண்டுவந்து அம்மாவின் கையில் சேர்த்தாள். சேர்த்த கையை உடனே எடுக்கவில்லை.

"தெரியும்மா. நான் பயந்துட்டேன்" என்றாள். "ஆனா கோவம் கோவம்தான்."

"கோவம் போக வேணாம், வெச்சுக்கோ" என்றாள் வெடியக்கா. "புகுந்த வீட்டுல மாமனார்கிட்ட உதவும்."